இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

அந்தச் சனிக்கிழமை மட்டும் எங்கள் ஊரான கெட்டில் க்ரீக்கில் யாரும் வண்டி எஞ்சினை ஓடவிட மாட்டார்கள். நாய்களை வீட்டிலேயே கட்டிப்போட்டுவிட்டு வருவார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் மேட்டில் ஒருவர் துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருப்பார். எதிர்ப் பாறைச் சரிவில், வெறும் கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாத தூரத்தில், பழைய மண்வாரி இயந்திரத்திலிருந்து வெட்டி எடுத்த இரும்புத் தகடு ஒன்று சங்கிலியில் தொங்கும். சுட்டதும் ஊரே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். குண்டு போய்ப் பட்டு, அந்தச் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டி வர ஒரு மூச்சு இழுத்து விடும் நேரமாகும். 'டங்' என்று கேட்டால் பட்டது. கேட்காவிட்டால் படவில்லை. "நான் தொலைநோக்கியில பாத்தேன், சத்தியமாப் பட்டிச்சு" என்பதெல்லாம் எங்கள் ஊரில் செல்லாது. இங்கே தீர்ப்புச் சொல்வது காதுதான்.

எல்க் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை அது. ஆளுக்கு மூன்று தோட்டா. அதிகம் அடித்தவருக்கு அரை மாட்டு இறைச்சி. மொன்டானா குளிர்காலத்தைக் கடக்க அது எவ்வளவு உதவும் என்று எங்களுக்குத் தெரியும். பல வருஷமாக அந்த அரை மாடு ஒரே வீட்டுக் குளிர்பெட்டிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லிஸ் ட்வெய்ட்டின் வீட்டுக்கு.

அந்த வருஷம் மார்ச்சில், பேருந்துச் சக்கரத்தில் கட்டியிருந்த பனிச் சங்கிலியை அவள் கழற்றும்போது கொக்கி தெறித்து வலது கண்ணில் அடித்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்றினார்கள். பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. ஒற்றைக் கண்ணோடு பள்ளிக் குழந்தைகளை ஏற்றிப்போகச் சட்டம் விடாது. பள்ளிக்கூடத்தில் ஒரு கேக் வெட்டி, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

எங்கள் நிலத்துக்கும் அவர்கள் நிலத்துக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். புல் வெட்டிக் கட்டும் இயந்திரத்தை இரண்டு வீடும் சேர்ந்துதான் வாங்கியிருந்தோம். அதனால் ஆகஸ்டு மாதம் முழுக்க நான் அவர்கள் அடுக்களையிலேயே கிடப்பேன். அன்றும் அப்படித்தான். ஆர்லிஸின் கணவன் ஓரின் அடுப்பில் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தான். மர அறுவை மில்லில் வேலை பார்ப்பவன். பேச்சு குறைவு. அடுப்புக்கு மேலே காபி டப்பாவும் மாவு ஜாடியும் உப்பும் வைக்க ஒரு பலகை அடித்திருந்தான். குதிரையே ஏறி நிற்கலாம், அவ்வளவு தடிமன். அதைக் கிண்டல் செய்யாமல் நான் அந்த வீட்டில் காபி குடித்ததே கிடையாது.

"ஓரின், நான் அந்தத் துப்பாக்கிய வித்துடலாம்னு இருக்கேன்" என்றாள் ஆர்லிஸ்.

பான்கேக்கைத் திருப்பப் போன கை அப்படியே நின்றது.

"எந்தத் துப்பாக்கிய?"

"வீட்ல என்ன பட்டாளமா நடத்துறோம்? அதத்தான்."

பான்கேக் கருகும் வாசனை வந்தது. ஓரின் அதை எடுத்து என் தட்டில் போட்டான். என்னைக் கேட்கவே இல்லை.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து ஓரின் அதற்குத் தோளில் அணைக்கும் மரக்கட்டையைச் செதுக்கினான். அயோவாவில் அவன் மாமா வீட்டு வாசலில் புயலில் விழுந்த வால்நட் மரம் அது. மற்றவர்கள் பெண்ணுக்கு மோதிரம் போட்டார்கள் என்றால் இவன் ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்கைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போய், "இதுல கன்னத்த வெச்சு அமுக்கு" என்றான். அந்த அச்சைப் பார்த்துத்தான் கட்டையில் கன்னம் பதியும் மேட்டைச் செதுக்கினான். வலது கன்னம். அவள் கன்னத்துக்கு மட்டுமே பொருந்தும் மேடு.

"ஏன் விக்கணும்?" என்றான் கடைசியில்.

"வலது தோள்ல வெச்சா வலது கண்ணுதான் குறி பாக்கற ஸ்கோப்புக்கு வருது. அந்தக் கண்ணுல இப்ப பால்ல தண்ணி கலந்த மாதிரிதான் தெரியுது."

"இடது தோள்ல வெச்சுப் பாரு."

"பாத்தாச்சு. மேடு தப்பான பக்கம் இருக்கு, கன்னம் ஒட்டவே மாட்டேங்குது. தோட்டா ஏத்தற போல்ட்டும் தப்பான பக்கம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைய அந்தப் பக்கம் தூக்கிப் போட்டு இழுக்கணும், படுத்த நெல மொத்தமும் கலைஞ்சு போவுது. கரடி மீன் புடிக்கற மாதிரி இருக்கு. இவரு பாத்தாரே, கேளு."

நான் கருகின பான்கேக்கை மென்றுகொண்டே தலையாட்டினேன்.

"இத வித்தா, இடதுகைக்காரங்களுக்குன்னே வர்ற போல்ட்டு, புதுக் குழல், எல்லாம் வாங்கிடலாம். பட்டறை எம்மெட் கோத்துத் தருவான். கட்டைக்கு ஏதாவது ஒரு பிளாஸ்டிக் போட்டுக்கறேன்."

"பிளாஸ்டிக்கு" என்றான் ஓரின்.

"ஆமா."

"ஒரு வருஷம் பொறுத்துப் பாரேன் ஆர்லி. டாக்டரே பொறுத்துப் பாக்கலாம்னுதான சொன்னாரு?"

"அது உனக்குச் சொன்னது. நீ காரை எடுத்துட்டு வரப் போனப்ப எங்கிட்ட வேற சொன்னாரு." அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "வராது ஓரின். அந்தக் கண்ணு வராது."

ஓரின் அடுப்பை அணைத்தான். சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"பஸ்ஸு போச்சு" என்றாள் அவள். "காலையில அஞ்சு மணிக்கு முழிப்பு வருது, போறதுக்கு எடமில்ல. அந்தச் சனிக்கிழமையும் போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணட்டும்? பொம்பளைங்களோட ஆப்பிள் பை விக்கற மேசையில ஒக்காரணுமா?"

"உன் பைய யாரு வாங்குவா?"

 அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் விற்கலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்துவிட்டான்.

துப்பாக்கி வேலை பார்க்கும் எம்மெட்டின் பட்டறை ஊர்க்கோடியில் இருக்கிறது. மறுநாள் மில் விட்டதும் ஓரின் துப்பாக்கியோடு நேராக அங்கே போனான். எம்மெட் அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னான்.

"போல்ட்ட ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா இந்தக் கன்ன மேட்ட இழைச்சு எடுத்துட்டா, இடது தோளுக்கு ஓரளவு ஒட்டும். விக்க வேண்டியதில்ல. பாதித் தொல்ல தீரும்."

"இழைச்சா திரும்ப வராதே."

"மரம் எங்க திரும்ப வரும்? நீ மில்லுல இருக்கறவன், என்னையக் கேக்கற."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடைசிப் புல் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஆர்லிஸ் டிராக்டர் ஓட்டினாள். வலது பக்கத்துக் கட்டுகளைப் பார்க்க முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது, ஆனாலும் ஒன்றையும் இடிக்கவில்லை. சர்ச் முடிந்ததும் வயலுக்கு வருவதாகச் சொன்ன ஓரினைக் காணோம். கொட்டகைக் கதவு மூடியிருந்தது. ஆர்லிஸ் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனாள். தண்ணீர் குடிக்க நானும் பின்னாலேயே போனேன்.

ஓரின் துப்பாக்கியைப் பிரித்து, கட்டையை மட்டும் துணி சுற்றிப் பிடிகருவியில் இறுக்கி வைத்திருந்தான். கையில் இழைப்புளி. கன்ன மேட்டின் மீது அதை வைத்தபடியே நின்றான். எவ்வளவு நேரமாக அப்படி நின்றானோ தெரியாது. தரையில் ஒரு சீவல்கூட விழவில்லை.

"என்ன பண்ற?" என்றாள் ஆர்லிஸ்.

"எம்மெட் சொன்னான். மேட்ட எடுத்துட்டா நீ சுடலாமாம்."

"கைய எடு."

"ஓரளவுக்குச் சுடலாம்னான். விக்க வேண்டாம் பாரு."

"ஓரின், கைய எடுங்கறேன்ல."

அவன் எடுத்தான். அவள் போய் அந்த மேட்டை உள்ளங்கையால் தடவினாள்.

"நீ இத வெட்டிட்டா எனக்கு அரைகுறையா ஒரு துப்பாக்கி கெடைக்கும். உன் வேலையும் போயிருக்கும். ஒவ்வொரு தடவ கன்னத்த வெக்கறப்பவும் அந்த வெட்டுத்தான் தெரியும். முழுசாப் போகட்டும். யாரு கையிலயாவது முழுசா இருக்கட்டும். புரியுதா?"

"நீ வித்துட்டா..." அவன் தொடங்கி நிறுத்தினான்.

"வித்துட்டா? கல்யாணம் செல்லாதா? குருவானவர் கையெழுத்துப் போட்டது காயிதத்துல, கட்டையில இல்ல."

ஓரின் இழைப்புளியைச் சுவரில் மாட்டினான். "சரி" என்றான். "வித்துடு."

வாங்க வந்தவன் லைல் பெக். வருஷா வருஷம் ஆர்லிஸுக்கு அடுத்த இடத்தில் வந்துகொண்டிருந்தவன். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். லைலின் முகம் நல்ல அகலம், தாடை அதைவிட அகலம். ஆளை ரோட்டின் அந்த முனையிலிருந்தே அடையாளம் சொல்லலாம்.

"கடைசியில எங்கிட்டதான் வரும்னு எனக்குத் தெரியும் ஆர்லிஸ்" என்றான், துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே. "இத்தன வருஷமா என்னத் தோக்கடிச்சது நீ இல்ல, இதுதான்."

"அப்பிடியா?"

"பின்ன?"

எங்கள் பக்கத்தில் துப்பாக்கி விற்கிறவர் அதன் குறையை மறைக்கக் கூடாது. மறைத்தால் அடுத்த குளிர்காலத்தில் பள்ளத்தில் சிக்கின வண்டியைத் தள்ளிவிட ஆள் வராது. ஆர்லிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். குழல் இன்னும் நல்லாயிருக்கு, ஆனா புதுசு இல்ல. விசை மெதுசு, கையுறையோட தொடாத. அப்புறம் முக்கியமானதையும் சொன்னாள்.

"லைல், இந்த மேடு என் கன்னத்துக்குச் செஞ்சது. உனக்கு ஒட்டாது. எலும்புல இடிக்கும்."

"உன்னோடது மட்டும்தான் கன்னமா? என்னோடது என்ன கதவா?"

"கொட்டகைக் கதவு" என்றேன் நான்.

"நீ சும்மா இரு. இவ என்னப் பயமுறுத்திப் பாக்கறா. ஆர்லிஸ், எனக்கு இது வேணும்."

"சொல்றதச் சொல்லிட்டேன்."

"சொல்லிட்ட. குடு."

கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தான். லைலை எனக்கு அதற்காகப் பிடிக்கும். வண்டியில் ஏறும்போது ஓரின் பக்கம் திரும்பி, "நல்லாப் பாத்துக்கறேன்பா" என்று மெல்லச் சொன்னான். ஓரின் தலையை மட்டும் அசைத்தான். வண்டி கண்ணுக்கு மறையும்வரை வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

செப்டம்பர் தொடக்கத்தில் இடதுகைப் போல்ட்டும் குழலும் வந்து சேர்ந்தன. எம்மெட் லேத்தில் வைத்துக் குழலைக் கோத்துக் கொடுத்தான். ஆர்லிஸ் விலைப்பட்டியல் புத்தகத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்தை மடித்து மேசைமேல் வைத்திருந்தாள். மறுநாள் காலை நான் காபிக்குப் போனபோது அடுக்களையில் ஒரே கூச்சல்.

"ஓரின்! என் பலகை எங்க?"

காபி டப்பா, மாவு ஜாடி, உப்பு எல்லாம் தரையில் வரிசையாக நின்றன. அடுப்புக்கு மேலே நான்கு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன.

"கொட்டகைக்கு வா" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

மேசைமேல் அந்தத் தடிப் பலகை கிடந்தது. ஒரு முகத்தை மட்டும் இழைத்திருந்தான். பல வருஷத்துப் புகையும் கொழுப்பும் போய், உள்ளேயிருந்து வால்நட் தேன் நிறத்தில் எட்டிப்பார்த்தது. நடுவில் கருப்பு ரேகைகள் ஓடை மாதிரி வளைந்து ஓடின.

"இது..." என்றாள் ஆர்லிஸ்.

"மாமா மரத்துல ஒரே துண்ட நடுவுல அறுத்தேன். புத்தகத்தப் பிரிச்ச மாதிரி ரெண்டு பாதி. ஒரு பாதி உன் கட்டையாச்சு. இன்னொரு பாதிய என்ன பண்றதுன்னு தெரியல. அடுப்புக்கு மேல அடிச்சேன்."

அவள் குனிந்து பார்த்தாள். பழைய கட்டையில் வலது பக்கம் வளைந்த அதே ரேகை, இதில் இடது பக்கம் வளைந்தது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

"இத்தன வருஷமா அடுப்புச் சூட்டுல காஞ்சிருக்கு" என்றான் ஓரின். "இனிமே கோணாது, வெடிக்காது. இதவிட நல்ல மரம் எவங்கிட்டயும் இருக்காது."

"காபிக் கறை இருக்கு."

"அந்தப் பக்கத்த உள்ள வெச்சுக்கலாம்."

ஆர்லிஸ் ஜன்னலோர அடுக்கில் தேடி, மக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு பிடி எடுத்துப் பிசைந்து மேசைமேல் வைத்தாள். இந்த முறை இடது கன்னத்தை வைத்து அமுக்கினாள்.

அதன்பிறகு மில் விட்டதும் ஓரின் கொட்டகைக்குள் போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவான். துப்பாக்கியின் இரும்புப் பாகம் உட்காரும் பள்ளத்தைக் கட்டையில் அவன் தோண்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். இரும்பில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் வைத்து அழுத்துவான். எடுத்துப் பார்த்தால் இடிக்கிற இடத்தில் கரி ஒட்டியிருக்கும். அந்தக் கருப்பை மட்டும் சுரண்டுவான். திரும்பப் பூசுவான், அழுத்துவான், சுரண்டுவான். மூக்கு, நெற்றி, பல் எல்லாம் கரி. ஆர்லிஸ் எல்க் இறைச்சிக் குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்து, "முகத்தக் கழுவிட்டுச் சாப்புடு, நிலக்கரிச் சுரங்கத்துக்காரன் மாதிரி இருக்க" என்பாள். அவன் அப்படியே சாப்பிடுவான். கடைசியில் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்துத் தேய்த்து ஏற்றினான். மரம் குடித்துக்கொண்டே இருந்தது.

துப்பாக்கி தயாரானது. சுடுகிறவள்தான் தயாராகவில்லை.

முதல் நாள் பின்பக்க மேய்ச்சல் நிலத்தில் படுத்தாள். கன்னம் மேட்டில் கிண்ணத்துக்கு மூடி போல உட்கார்ந்தது. விசையில் விரலை வைத்தாள். உடனே தலையைத் தூக்கி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

"என்ன ஆச்சு?" என்றான் ஓரின்.

"ஒண்ணுமே தெரியல. ஒரே இருட்டு."

"ஸ்கோப் மூடியக் கழட்டினியா?"

"கழட்டிட்டேன்டா. நான்தான் இடது கண்ண மூடிட்டேன்."

வாழ்நாள் முழுக்க குறி பார்க்கும்போது இடது கண்ணை மூடிப் பழகியவள். இருக்கிற ஒரே கண்ணை மூடிக்கொண்டு இலக்கைத் தேடியிருக்கிறாள். ஓரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் புல்லில் உட்கார்ந்தேவிட்டேன். அவள் முதலில் முறைத்தாள், பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அப்புறம் அவள் அந்தக் கண்ணுக்குப் பாடம் எடுத்தாள். தோட்டா போடாத துப்பாக்கியை அடுக்களை மேசையில் வைத்து, எதிர்ச் சுவர்க் காலண்டரில் இருக்கிற மூஸ் மானின் மூக்குத் துளையைக் குறி பார்ப்பாள். காலையில் அஞ்சு மணிக்கு விழிப்பு வந்தால் இப்போது போவதற்கு ஓர் இடம் இருந்தது. இடது கையால் பல் துலக்கினாள், உருளைக்கிழங்கு தோல் சீவினாள், விரலையும் கொஞ்சம் சீவிக்கொண்டாள். அந்த மூஸின் மூக்கு அக்டோபருக்குள் பயந்து வெளுத்துப்போனது என்று ஓரின் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. சரிவில் ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாக நின்றன. பள்ளத்தாக்கில் காற்று ஒரு நிலையில் இல்லை. லாரிகளின் பின்பக்கங்களில் மிளகாய்க் குழம்பு, சோள ரொட்டி, பை மேசை, எல்லாம் வழக்கம்போல.

லைல் முன்னால் சுட்டான். அவன் வலது கன்ன எலும்பின் மேல் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வீக்கம்.

"என்ன லைல், பொண்டாட்டி அடிச்சாளா?" என்றாள் ஆர்லிஸ்.

"உன் துப்பாக்கிதான். வாய மூடு."

முதல் தோட்டா. மௌனம். டங்! ஊர் ஆர்ப்பரித்தது. நல்ல துப்பாக்கி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது அவன் கன்னத்தில் விட்ட குத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இரண்டாவதற்கு அவன் விசையைத் தொடுமுன்பே முகம் சுளித்தது. சத்தம் வரவில்லை. மூன்றாவதும் வரவில்லை. அன்று மற்ற யாருக்கும் ஒன்றுக்கு மேல் கிடைக்கவில்லை.

ஆர்லிஸ் போய்ப் படுத்தாள். ஓரின் அவளுக்குப் பின்னால் நின்று தொப்பியைக் கையில் பிசைந்தான். அவன் நகங்களில் அப்போதும் கரி இருந்தது.

முதல் தோட்டா. காத்திருந்தோம். ஓடைச் சத்தம் மட்டுமே. கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஓரின் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் இடது கை போல்ட்டை இழுத்துத் தள்ளியது. உடம்பு அசையவில்லை. கன்னம் மேட்டைவிட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. இரண்டாவது.

டங்!

இப்போது லைலும் அவளும் சமம். இன்னும் ஒரு தோட்டா. யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. பை மேசைப் பெண்கள்கூட கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அவள் சுடவில்லை. காற்று ஆஸ்பன் இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் கால் மாற்றி நின்றது. "தூங்கிட்டாளா?" என்று லைல் கிசுகிசுத்தான். எதிர்ச் சரிவில் இலைகள் ஒவ்வொரு மரமாக அடங்கி நின்றன. அப்போதுதான் வெடித்தது.

வெடித்ததும் அவள் அந்த ஒற்றைக் கண்ணை மூடினாள். இந்த முறை தெரிந்தேதான் மூடினாள். துப்பாக்கியை அணைத்தபடி, கன்னத்தை வால்நட் மேல் வைத்தபடி, முழு இருட்டில் காதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு கிடந்தாள்.

ஒரு மூச்சு போனது. அதற்கு மேலும் கொஞ்சம் போனது. வரவில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

டங்ங்ங்!

அன்று எழுந்த கூச்சலில் எதிர்ச் சரிவிலிருந்த எல்க் மான்கள் அடுத்த மாவட்டத்துக்கே ஓடியிருக்கும். ஓரின் ஓடிப்போய் அவளைத் துப்பாக்கியோடு சேர்த்துத் தூக்கப் பார்த்து, முடியாமல், இரண்டு பேருமாகப் புல்லில் விழுந்தார்கள். அவள் இடது கன்னத்தில் கன்ன மேட்டின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

லைல் வந்து அவர்கள் தலைமாட்டில் நின்றான். வீங்கின கன்னத்தைத் தடவிக்கொண்டே புதுத் துப்பாக்கியின் ரேகைகளை ரொம்ப நேரம் பார்த்தான்.

"தோக்கடிச்சது துப்பாக்கி இல்ல போலிருக்கு" என்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஓரின், அந்த மரத்துல இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா? எம் மூஞ்சி கொஞ்சம் அகலம்."

"ஒண்ணும் மிச்சம் இல்ல லைல்" என்றான் ஓரின், புல்லில் மல்லாந்தபடியே. "எங்க காபி டப்பாவே தரையிலதான் கெடக்கு."